கைக்குத் தெரிந்த தொழிலுக்குக் கடதாசியும் வேண்டும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது லயங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் கொழும்புக்குப் போய், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் தோட்ட டிஸ்பென்சரியில் உதவிக்கு நிற்கிறார்கள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, வேளைக்கு மருந்து கொடுப்பது எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் சம்பளம் பேசும்போது, "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறோம்.

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பராமரிப்பாளர் தொழிலுக்கும் அதில் இடமுண்டு. வகுப்புக்குப் போகாதவர்களும் வேலை அனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்கு வரலாம். மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அது நமக்குப் புதிதல்ல, தினமும் செய்வதுதான்.

ஆகவே வேலை செய்த ஒவ்வொரு இடத்திலும் சேவைக் கடிதம் வாங்கிப் பத்திரப்படுத்துவோம். எத்தனை வருடம், என்ன வேலை என்பது அதில் இருக்கட்டும்.

தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது நான்கு. பயிற்சி நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். கட்டணத்தை நிர்வாகம் கட்ட வேண்டும். மதிப்பீடு தமிழில் நடக்க ஏற்பாடு செய்ய வேண்டும். சான்றிதழ் பெற்றவருக்குச் சம்பளம் உயர வேண்டும். சம்பளம் உயராவிட்டால் சான்றிதழ் சுவரில் தொங்கும் படம்தான்.

விருப்பமுள்ளவர்கள் இன்றே கிளைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.