புரியாமல் பாடிய சொற்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர் என்பதால் நான் சுகாதாரம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது காலைக் கூட்டத்தில் நாம் பாடிய பாட்டுகளைப் பற்றி.

நெற்றியில் திருநீறோடு இந்தப் பாடசாலைக்கு வந்தவள் நான். நம்மில் பலர் அப்படித்தான். லயத்தில் மாரியம்மன் தாலாட்டு. இங்கே கீர்த்தனையும் பாமாலையும். கிருபை, அடைக்கலம், இரட்சிப்பு என்றெல்லாம் பிழையில்லாமல் பாடுவோம். பொருள் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 1854இல், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில், இந்த மலைகளில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அதே திருநெல்வேலியில் 1774இல் பிறந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடிய அவர் பெத்லகேம் குறவஞ்சியும் எழுதினார். கோள்கள் சூரியனைச் சுற்றும் புதிய வானியலையும் அதில் சேர்த்தார். குறவஞ்சி என்றால் குறி சொல்ல ஒரு மலைநாட்டுக் குறத்தி வரவேண்டும். வேதத்தைச் சொல்லும் நூலில் ஒரு மலைப்பெண்ணுக்கு இப்படி இடம் இருக்கிறது என்று அறிந்தபோது, கொழுந்துக் கூடை சுமந்த என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

இனி நம் மாலைப்பாட்டு. பொழுது சாயும் நேரத்தில் தன்னோடு தங்கும்படி கடவுளைக் கேட்கும் பாமாலை. இதை எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட், இங்கிலாந்தின் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரின் குருவானவர். காசநோயால் மெலிந்து, 1847 நவம்பரில் நீஸ் நகரில் இறந்தார். நமக்கு அந்த வயதில் மாலை என்றால் லிந்துலை மலையில் பனி இறங்கும் நேரம், அம்மா வீடு திரும்பும் நேரம். அதற்கு மேல் தெரியாது.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, வாட்டில் ஒரு தோட்டத்துப் பாட்டி என் கையைப் பிடித்தார். "டொக்டரம்மா, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறீங்களா?" என்றார். எழுத வேண்டிய மருந்தை எழுதியாயிற்று. இன்னும் பல கட்டில்கள் இருந்தன. "வர்றேன் பாட்டி" என்று சொல்லிப் போனேன். விடியற்காலையில் திரும்பியபோது அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

அன்றுதான் மாலைப்பாட்டின் வேண்டுதல் எனக்கு விளங்கியது. எழுதியவர் நோயாளி. ஆனால் அந்தப் பாட்டு சுகம் கேட்கவில்லை. கூட இருக்கும்படி மட்டுமே கேட்கிறது. அந்தப் பாட்டியும் என்னிடம் சுகத்தைக் கேட்கவில்லை.

அதன் மூலம் லூக்கா சுவிசேஷத்தின் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எம்மாவூர் போகும் வழியில் இருவர், கூட நடந்து வந்த அந்நியரைத் தங்களோடு தங்கும்படி வற்புறுத்துகிறார்கள். அவர் யார் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் அடையாளம் தெரிகிறது. யார் என்று அறியும் முன்பே 'இரும்' என்று அழைத்துவிட்டார்கள். எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு முழுதாகப் பிடிபடாத இடம் அது. நான் மதம் மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் இரவுச் சுற்றில் யாராவது கையைப் பிடித்தால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்று படிக்கும் தங்கைமாரே, புரியவில்லை என்பதற்காக எந்தப் பாட்டையும் விட்டுவிடாதீர்கள். மனப்பாடமாக இருக்கட்டும். பொருள் வரும்போது வரும்.

கூட்டம் முடிவில் அந்த மாலைப்பாட்டைப் பாடலாமா என்று கேட்டிருக்கிறேன். சொற்கள் மறந்திருந்தால் பக்கத்தில் நிற்கும் அக்காவின் வாயைப் பாருங்கள். அன்றும் அப்படித்தானே பாடினோம்.