வயற்காவலும் துவக்குப் பத்திரமும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கீழைக் கடலோரத்தில் வரிசையாக அமைந்த ஊர்களில் வாழும் விவசாயிகளுக்கு வீடு ஓரிடம், வயல் வேறிடம். வீடுகள் கடலை அண்டியுள்ளன. வயல்களோ மேற்கே வெகுதூரம் பரந்து, காட்டோரம் வரை செல்கின்றன. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றி, சேனநாயக்க சமுத்திரம் உருவான பின்னர், பாசன நீர் பெருகிற்று, அதனோடு வயல் பெருகிற்று, காடு சுருங்கிற்று. இருப்பிடம் சுருங்கிய விலங்குகள் கதிர் முற்றும் காலத்தில் வட்டைக்குள் இறங்குகின்றன. ஒரு போகத்தின் உழைப்பைக் காட்டுப்பன்றிக் கூட்டமொன்று ஓரிரவிற் கிளறி அழித்துவிடக் கூடும். ஆதலால் விவசாயி ஒருவர் துவக்குக்கு விண்ணப்பிப்பதில் வியப்பில்லை. அவ்விண்ணப்பத்துக்குரிய பத்திரங்கள் யாவை, அவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

இலங்கையில் இவ்விடயத்தை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. பயிர்க் காவலுக்கான வேட்டைத் துவக்கு வேண்டுவோரின் விண்ணப்பம் பிரதேச செயலகத்தின் வழியாக மாவட்டச் செயலாளரைச் சென்றடைகிறது. அம்பாறை தனி மாவட்டமாகிய 1961 ஆம் ஆண்டுக்கு முன், கல்முனையார் இதற்காக மட்டக்களப்புக் கச்சேரிக்கே செல்ல வேண்டியிருந்தது. உயிர்ப் பாதுகாப்புக்கென ஆயுதம் கேட்போரின் வழி வேறு. அது பாதுகாப்பு அமைச்சைச் சார்ந்தது. அவ்வாறு வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வு செய்யும் பொருட்டு, அவற்றை ஒப்படைக்குமாறு 2024 ஆம் ஆண்டின் இறுதியில் அமைச்சு பணித்தது. ஆகவே விண்ணப்பத்திற் காட்டும் காரணம் ஒன்றாகவும் உண்மையாகவும் இருத்தல் வேண்டும். வயலுக்கென்று கேட்கும் விண்ணப்பத்தில் அயலவரோடுள்ள பகையையும் சேர்த்தெழுதினால், அது விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்காது, ஐயத்தையே சேர்க்கும்.

கேட்கப்படும் ஒவ்வொரு பத்திரமும் ஒரு கேள்விக்கு விடையாகும். முதற் கேள்வி, விண்ணப்பிப்பவர் யார் என்பது. தேசிய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் இதற்கு விடை கூறுகின்றன. இக்கரையோர ஊர்களில் இவ்விடத்திலேயே சிக்கல் தொடங்குவதுண்டு. பிறப்புப் பதிவில் ‘முகம்மது’ என்றிருக்கும். அடையாள அட்டையில் ‘மொஹமட்’ என்றிருக்கும். காணி உறுதியில் ‘லெப்பை’ என்ற பட்டம் ஒட்டியிருக்கும். ஊரார் மூவரையும் ஒருவரென அறிவர். கோப்பைப் பார்க்கும் அலுவலர் எவ்வாறு அறிவார்? விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருப்பின் கிராம உத்தியோகத்தரின் சான்றோ சத்தியக் கடதாசியோ பெற்று வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது கேள்வி, காக்க வேண்டிய நிலம் எது என்பது. சிலரிடம் உறுதி உண்டு. சிலரிடம் அரசாங்கக் காணிக்குரிய அனுமதிப்பத்திரம் உண்டு. சிலர் குத்தகைக்குச் செய்கின்றனர். பாட்டனார் பெயரில் உறுதி கிடக்க, பேரர்கள் பிரித்து வேளாண்மை செய்வதும் வழக்கமே. இத்தகையோருக்குக் கமநல சேவை நிலையத்தின் காணி இடாப்பு துணைசெய்யும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பேணப்படும் அவ்விடாப்பிற் பயிர்செய்பவரின் பெயரும் நிலத்தின் அளவும் பதியப்பட்டிருத்தல் வேண்டும். அப்பதிவு பழையதாயின், துவக்கைப் பற்றி நினைக்குமுன் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது. துவக்கு யார் கையில் இருக்கும்? எங்கே வைக்கப்படும்? போடியார் கல்முனையில் உறங்குவார். காவற்பரணில் விழித்திருப்பவர் முல்லைக்காரர். பத்திரம் போடியார் பெயரிலும் துவக்கு முல்லைக்காரர் கையிலும் இருப்பின், சட்டத்தின் கண்ணுக்கு அது அனுமதியற்ற ஆயுதமே. அதனால் வரும் வழக்கு, கூலிக்குக் காவலிருந்த ஏழையின் தலையிலேயே முதலில் விழும். யார் காவலிருக்கிறாரோ அவரை மனத்திற்கொண்டே விண்ணப்பம் அமைதல் வேண்டும். பொலிசார் விண்ணப்பிப்பவரின் நடத்தையை மட்டும் விசாரிப்பதில்லை. ஆயுதம் பூட்டிவைக்கத் தக்க இடம் உண்டா, வீட்டிற் சிறுவர் உளரா என்பவையும் கருதத் தக்கவையே. வயலிலுள்ள வாடி, துவக்கை விட்டுவைக்கத் தக்க இடமன்று.

பத்திரம் கைக்கு வந்தபின்னும் அதன் எல்லையை மறத்தலாகாது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் வரிசையில் இல்லை. யானையோ 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 470 க்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் 160 க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். காயமுற்ற யானை அடுத்த வயற்காரரின் உயிருக்கு எமனாகும். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. பத்திரம் பெறுவதிலுள்ள தாமதத்துக்கு அஞ்சிக் கட்டுத்துவக்கு வைப்போரும் உளர். மிதித்த கால் பன்றியினதா, தண்ணீர் பார்க்கச் சென்ற மனிதனதா என்று கட்டுத்துவக்குக்குத் தெரியாது. அது சட்டத்துக்கு மாறானது. பல குடும்பங்களை முடமாக்கியதும் அதுவே.

அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசெம்பர் 31 ஆந் திகதியுடன் முடிவடையும். பெரும்போக வேலைகள் நெருக்கும் காலமும் அதுவே. ஆகவே புதுப்பிப்பதைப் பிற்போடாமல் முன்கூட்டியே செய்துவிட வேண்டும். தோட்டா வாங்குவதும் அப்பத்திரத்தைக் காட்டியே.

இன்னுமொன்று. உரிமையாளர் காலமானால் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி வயல் பங்கிடப்படும். துவக்கு அவ்வாறு பங்கிடப்படுவதன்று. தந்தையின் பத்திரம் மக்களுக்கு உரிமை தராது. துக்க நாட்கள் கழிந்தபின் பார்க்கலாமென்று அதை அலுமாரியில் வைத்திருப்பது, அறியாமலே குற்றத்தை வீட்டுக்குள் வைத்திருப்பதாகும். தாமதமின்றிப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, துவக்கை ஒப்படைத்து, மக்களுள் ஒருவருக்கு அது தேவையாயின் ஏனையோரின் சம்மதத்தோடு புதிதாக விண்ணப்பிப்பதே சரியான வழி. அதற்கு வேண்டிய இறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பழைய அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு, வீட்டிலுள்ள மற்றொருவருக்கும் அதன் இடத்தைத் தெரிவித்து வைப்பது ஒவ்வொரு விவசாயியும் இன்றே செய்யக்கூடிய காரியமாகும்.