பத்து சென்ட்டில் ஒரு பரீட்சை



இன்றைக்கு ஒற்றை நாற்று நடவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாற்றின் வயதைச் சொல்வதற்கு முன்னால் நம் வயதைப் பற்றி இரண்டு வார்த்தை. நானும் நாற்பதைத் தாண்டியவள்தான். இந்த வயதில் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் ஒரே கதைதான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் ராஜபாளையம் மில்லுக்கோ திருப்பூருக்கோ போய்விட்டான். வயல் வேலை பூராவும் நம் தலையில். ஆனால் என்ன ரகம் போடுவது, எதை மாற்றுவது என்கிற யோசனை மட்டும் வேறு யாரோ சொல்ல வேண்டும்!

கண்மாய்ப் பாசன ஊர் ஒன்றில் வயல்விழா நடத்தினோம். கூட்டத்தின் கடைசியில் நின்ற ஓர் அம்மா, வயது 47 இருக்கும், கணவரை இழந்தவர், கேட்டார்: "ஏம்மா, குத்துக்கு ஒத்தை நாத்துங்கிறீகளே, அது செத்துப் போச்சுன்னா குத்தே போச்சே?"

அன்றைக்கு வந்த கேள்விகளில் அதுதான் உருப்படியான கேள்வி. வயலின் ஓரத்தில் கொஞ்சம் நாற்றை மிச்சம் வைத்து, ஒரு வாரத்துக்குள் விட்டுப்போன இடத்தில் நட வேண்டும் என்று சொன்னேன். அவருக்குச் செய்து பார்க்க ஆசை வந்துவிட்டது. கூடவே நின்ற கொழுந்தனார் விடவில்லை. "மதினி, இந்த வயசுல என்னத்துக்கு இந்த விஷப்பரீட்சை?" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இருப்பது ஒரே ஏக்கர். அது போனால் வருஷச் சாப்பாடு போச்சு. ஆகவே, "ஏக்கர் முழுக்க வேண்டாம், பத்து சென்ட்டில் மட்டும் செய்யுங்கள். மிச்சம் 90 சென்ட் உங்கள் வழக்கப்படியே இருக்கட்டும்" என்றேன். கொழுந்தனாரும் சரி என்றார்.

குறுகிய கால ரகத்துக்கு வழக்கமாக ஏக்கருக்கு 24 கிலோ விதை விடுகிறோம். ஒற்றை நாற்றுக்கு 3 கிலோ இருந்தால் போதும். அப்படியானால் பத்து சென்ட்டுக்கு 300 கிராம்தான். மேட்டுப்பாத்தியில் பாய் நாற்றங்கால் விட்டு, 14 நாள் நாற்றை வேரில் மண்ணோடு எடுத்து, 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சதுரமாக நட வேண்டும். தண்ணீரைத் தேக்கி நிறுத்தக் கூடாது; மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டபின் கட்டினால் போதும். நட்ட பத்தாம் நாளிலிருந்து, பத்து நாளைக்கு ஒருமுறை, குறுக்கும் நெடுக்குமாக உருளைக் களைக்கருவியை ஓட்ட வேண்டும். களை அங்கேயே மண்ணில் அமுங்கி உரமாகும், வேருக்கும் காற்று கிடைக்கும், தூர் வெடிக்கும்.

முதல் வருஷம் அவருக்குச் சரியாக வரவில்லை. தண்ணீர் வரத் தாமதமாகி, நாற்று முற்றிப்போய், இருபது நாளுக்கு மேல்தான் நட்டார். நட்ட வயல் வழுக்கைத் தலை மாதிரி கிடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் சிரித்தார்கள். பக்கத்து வயலைவிட விளைச்சல் அதிகமில்லை. எனக்கே முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. அவரோ, "போனா 300 கிராம் விதைதானம்மா. நாத்து முத்திருச்சு, அதான் கோளாறு. அடுத்த வருஷம் தண்ணி வந்தபிறகு நாத்துப் பாவுறேன்" என்றார். தப்பு எங்கே என்று அவரே கண்டுபிடித்துவிட்டார். மறுவருஷம் 14 நாள் நாற்றை நட்டார். ஒரு தூரைப் பிடித்துக் கதிர்களை எண்ணிக் காட்டியது கொழுந்தனார்தான்!

அடுத்து முழு ஏக்கருக்கும் பயிர்க்கடன் கேட்கலாம் என்று கிளம்பினார். அங்கேதான் முட்டுக்கட்டை. பட்டா இன்னும் மாமனார் பேரில். தாய்மார்களே, கடனோ, மானியமோ, பயிர்க் காப்பீடோ, முதலில் கேட்பது பட்டா, சிட்டா, அடங்கல்தான். எத்தனை வருஷம் களை எடுத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. கணவரை இழந்தவர்கள் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூட்டுப்பட்டாவிலாவது தங்கள் பெயரைச் சேர்க்கப் பாருங்கள். இந்த அம்மா இறப்புச் சான்றிதழ் தேடுவதிலிருந்து தொடங்கி நடையாய் நடந்தார். காகிதம் இப்போதுதான் நகர்கிறது.

'இனிமேல் கற்று என்ன ஆகப் போகிறது' என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கோவை மாவட்டம் தேக்கம்பட்டி பாப்பம்மாளைச் சொல்வேன். 1914-இல் பிறந்தவர். சிறுவயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தி, அந்த லாபத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கி, அதன்பிறகு விவசாயத்தைப் பாடம் மாதிரி கற்றவர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் பல்கலைக்கழகமானபோது அவருக்கு வயது 57. அந்தப் பல்கலைக்கழகத்தின் விவாதக் கூட்டங்களில் போய் உட்கார்ந்து பேசியவர் அவர். நூறு வயதைத் தாண்டியும் இரண்டரை ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024-இல் காலமானார்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அருப்புக்கோட்டையில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தனியாகப் போகக் கூச்சமென்றால் நாலு பேராகப் போங்கள். மனதில் உள்ளதை அப்படியே கேளுங்கள்.

இந்தப் பருவத்துக்கு விதை ஊறப் போடும்போது 300 கிராமைத் தனியாக எடுத்து வையுங்கள். கண்மாயில் தண்ணீரைப் பார்த்தபிறகு பாவுங்கள். பாவிய தேதியைச் சுவரில் எழுதி வைக்க மறக்காதீர்கள். பதினாலாம் நாள் நடவு.