பாடப்பட்டவள் பேசும்போது



மறக்குடி மகளிரின் வீரத்தைப் பாடுவதற்கென்றே நமது புறப்பொருள் இலக்கணம் 'மூதின்முல்லை' என்றொரு துறையை வகுத்துள்ளது. ஆனால், பாடப்பட்ட பெண்ணே முன்வந்து, "நீங்கள் பாடியது என் கதையன்று" என மறுத்துரைப்பதற்கு அங்கே துறை இல்லை. அத்தகைய மறுப்பை அமெரிக்கப் பெண்ணொருவர் நம் காலத்திலே கூறினார்.

2003 மார்ச் 23ஆந் திகதி, ஈராக்கின் நசிரியா நகரில் வழிதவறிய அமெரிக்கப் பராமரிப்புப் படையணியொன்று தாக்கப்பட்டது. 11 பேர் மாண்டனர். வழங்கற் பிரிவில் எழுதுவினைஞராயிருந்த 19 வயது ஜெசிக்கா லிஞ்ச் படுகாயங்களுடன் பிடிபட்டார். ஏப்ரல் முதலாந் திகதி விசேட படையினர் அவரை வைத்தியசாலையொன்றிலிருந்து மீட்டனர். இராணுவமே பிடித்த படம் தொலைக்காட்சிகளில் ஓடிற்று. குண்டடிபட்ட பின்னும் தோட்டாக்கள் தீரும்வரை அவர் போரிட்டார் என்று, பெயர் வெளியிடாத அதிகாரிகளை ஆதாரங்காட்டி 'வொஷிங்டன் போஸ்ட்' எழுதியது.

உண்மை வேறு. அவரது துப்பாக்கி இயங்கவில்லை. அவர் ஒரு வேட்டுக்கூடத் தீர்க்கவில்லை. காயங்கள் வாகனம் மோதியதால் வந்தவை. உயிர்காத்தவர்கள் ஈராக்கிய வைத்தியர்களும் தாதியருமே. இவற்றை அவரே வெளிப்படுத்தினார். 2007 ஏப்ரலில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்தபோது, போரின் உண்மை கேட்பதற்குக் கடினமானதாயினும் புனைவைவிட வீரமிக்கது என்றார்.

ஒரே பெண் ஒரே வாரத்தில் இருவகையாகச் சித்திரிக்கப்பட்டதைக் கவனியுங்கள். ஒருபுறம் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும் வீராங்கனை. மறுபுறம் ஆண்கள் சென்று மீட்கவேண்டிய பேதை. யுத்தத்துக்கு மக்கள் ஆதரவு திரட்ட இரண்டும் பயன்பட்டன.

சித்திரிக்கப்படாதவர்களும் உண்டு. லிஞ்ச் சென்ற வாகனத்தை ஓட்டியவர் லோரி பியஸ்டேவா. ஹோப்பி பழங்குடியைச் சேர்ந்தவர். இரு குழந்தைகளின் தாய். 23 வயதில் உயிரிழந்தார். ஆபிரிக்க அமெரிக்கரான ஷொஷானா ஜோன்சன் படையணியின் சமையற்காரர். கால்களில் குண்டு பாய்ந்து, 22 நாள்கள் சிறையிருந்தார். இவர்களது பெயர்களைத் தொடர்பு சாதனங்கள் அத்தனை உரக்கச் சொல்லவில்லை. நிறத்துக்கும் இதில் பங்குண்டு என்ற பெண்ணிலைவாதிகளின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

1994ஆம் ஆண்டின் விதிப்படி, நேரடித் தரைப்போரில் ஈடுபடும் பிரிவுகளில் அமெரிக்கப் பெண்களுக்கு அப்போது இடமிருக்கவில்லை. எனினும் பின்னணியில் நின்ற சமையற்காரரையும் எழுதுவினைஞரையும் போர் தேடி வந்தது. அந்தத் தடையை நீக்கும் அறிவிப்பு 2013இலேதான் வந்தது. ஆயுதம் ஏந்துவதில் சமத்துவம் வேண்டும் என்போரும், ஆயுதப் பண்பாட்டையே மறுப்போரும் பெண்ணிலைவாதிகளிடையே உள்ளனர். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால், ஒரு பெண் தன் அனுபவத்தைத் தானே சொல்லும் உரிமை இரு சாராருக்கும் பொதுவானது.

நேயர்களே, தன்னைப் புகழும் பொய்யை மறுப்பது எளிதன்று. நாடே கொண்டாடிய கதையை லிஞ்ச் மறுத்தார். துப்பாக்கியால் அவர் காட்டாத வீரம் அந்த மறுப்பிலே இருந்தது. போர்க்களத்துப் பெண்ணைப் பற்றிய செய்தி நம் காதில் விழும்போதெல்லாம், அதைச் சொல்வது யார், அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கப் பழகுவோம்.