கருவறைக் காவல்காரர்கள்



இரண்டு தடவை கரு கலைந்துவிட்டால் நம் பக்கத்தில் என்ன பேசுகிறார்கள்? "அவ வயித்துல தங்கலை" என்று மருமகள் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள். இப்போது புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "ரத்தத்துல கொல்லி அணு ஜாஸ்தி, அதுதான் பிள்ளையை அழிக்குது" என்று சொல்லி, விலை கூடின ஊசி போடச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த அணுவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இயற்கைக் கொல்லி அணு என்பது ஒருவகை வெள்ளணு. சுவீடன் விஞ்ஞானிகள் 1975-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். வைரஸ் புகுந்த அணுவையும் புற்று அணுவையும் அழிப்பது அதன் வேலை. அப்படியானால் நல்ல அணுவை ஏன் விட்டுவிடுகிறது? நம்ம ஊர் மில் கேட்டை நினைச்சுப் பாருங்க. டோக்கனைக் காட்டினால் வாட்ச்மேன் தடுக்க மாட்டார். நம் உடம்பின் அணுக்கள் மேலும் எச்.எல்.ஏ. என்ற டோக்கன் உண்டு. கொல்லி அணுவின் மேல்புறத்தில் ஏற்பிகள் என்கிற கைகள் இருக்கின்றன. சில கைகள் டோக்கனைத் தொட்டதும் 'நில்' என்று சொல்லும். வேறு சில, கெட்ட அறிகுறியைத் தொட்டதும் 'அடி' என்று சொல்லும். எந்தப் பக்கம் ஓங்குகிறதோ அதன்படி காரியம் நடக்கும். டோக்கனைத் தொலைத்த அணு மாட்டிக்கொள்கிறது என்பதை 1986-இல் கிளாஸ் காரே குழுவினர் காட்டினார்கள்.

கர்ப்பப்பையில் கதையே வேறு. கருத்தரித்த முதல் மாதங்களில் அதன் உட்சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் நூற்றுக்கு 70 இந்த இனந்தான்! ஆனால் அவை பிள்ளையைக் கொல்ல வந்தவை அல்ல. நஞ்சுக்கொடியின் அணுக்கள் காட்டும் தனி டோக்கன்களைத் தொட்டுப் பார்த்து, தாயின் இரத்தக் குழாய்கள் அகலமாவதற்கு உதவுகின்றன. வாய்க்காலை அகலமாக வெட்டினால்தானே வயலுக்குத் தண்ணீர் பாயும்? அந்தக் கைகள் அளவுக்கு மீறி 'நில்' என்று சொன்னால் குழாய் சரியாக விரியாது, தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம். இதை 2004-இல் கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழுவினர் எழுதினார்கள். கவனியுங்கள், கை தாயுடையது. பிள்ளையின் டோக்கனில் பாதி தகப்பன் கொடுத்தது. அப்புறம் ஒருத்தியை மட்டும் ஏசுவது என்ன நியாயம்?

இரத்தத்தில் ஓடும் கொல்லி அணு வேறு, கர்ப்பப்பையில் இருப்பது வேறு. முன்னதை எண்ணிப் பார்த்துப் பின்னதை அறிய முடியாது. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால்தான் கலைகின்றன.

மறுபடியும் கலைந்தால் புருஷன் பெண்சாதி ரெண்டு பேருமாகவே அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். தைராய்டு, சர்க்கரை, இரத்தம் உறையும் கோளாறு, கர்ப்பப்பையின் அமைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய ஸ்கேன் சீட்டுகளை மறக்காமல் எடுத்துக்கிட்டுப் போங்க.