வீட்டில் ஒரு ராட்டை



ராட்டை என்றதும் நம் எல்லோருக்கும் கண்முன் வருவது காந்தியடிகளின் படம்தான். குனிந்த தலை, முன்னால் சக்கரம், கையில் இழை. அந்தப் படத்தைப் பள்ளிக்கூடச் சுவரிலும் அரசு அலுவலகங்களிலும் மரியாதையோடு மாட்டி வைத்திருக்கிறோம். அந்த மரியாதைக்கு நாம் ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். நூற்பது கைக்கும் மனத்துக்கும் இன்பம் தரும் கலை என்கிற நினைப்பே நம்மிடம் அற்றுப்போய்விட்டது. இன்று அந்தக் கலையைக் கலையாகவே எடைபோட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

இது நம் மண்ணில் மிகப் பழைய வேலை. கீழடியில் தோண்டியபோது, கையால் சுற்றி நூற்கும் தக்ளியின் சுடுமண் வட்டுகள் கிடைத்தன. நற்றிணையிலும் புறநானூற்றிலும் பஞ்சும் நூலுமாக இருக்கும் பெண்கள் வருகிறார்கள். ஆண் துணையில்லாத பெண்ணுக்குச் சோறு போட்ட தொழில் அது. பின்னாளில் மில் நூல் வந்து அந்தச் சோற்றைப் பறித்தது. ஆனாலும் பூணூலுக்காக வீட்டிலேயே தக்ளி சுற்றுகிற பழக்கம் சில குடும்பங்களில் விடாமல் இருந்தது.

பிறகு காந்தி வந்தார். கதர்ப் பிரசாரத்தின்போது 1921 செப்டம்பரில் மதுரையில் அவர் மேலாடையைத் துறந்தது நமக்குத் தெரியும். 1924-இல் பெல்காம் காங்கிரஸ், கட்சி உறுப்பினர் மாதம் 2,000 கஜம் நூலைச் சந்தாவாகக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்துக்கு இப்படி நூற்பது தேவைதான். ஆனால் அன்றிலிருந்து நூற்பது நமக்குக் கடமையாகவும் விரதமாகவும் ஆகிவிட்டது. கடமை முடிந்ததும் ராட்டை பரணுக்குப் போயிற்று.

நூல் சீராகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்று காந்தி திரும்பத் திரும்ப வற்புறுத்தியதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அவருக்குள் ஒரு கைவினைஞர் இருந்தார். எரவாடா சிறையில் அவர் பழகிச் செம்மைப்படுத்திய பெட்டி ராட்டை இன்றும் வீட்டில் நூற்க ஏற்றது. மூடினால் கைப்பெட்டி. திறந்தால் உள்ளே பெரிய சக்கரம், சிறிய சக்கரம், நூலை முறுக்கும் கதிர், அவற்றை இணைக்கும் கயிறு. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கதிர் பல பத்துச் சுற்றுகள் சுற்றிவிடும்.

அதன் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறோம்? வலக்கை சக்கரத்தைச் சுற்றுகிறது. இடக்கை விரல்களில் பஞ்சுப் பட்டை. கதிரில் ஏற்கெனவே சுற்றியுள்ள நூலின் நுனியைப் பட்டையின் முனையில் வைத்துச் சுற்றினால், பஞ்சின் இழைகளை முறுக்கு பற்றிக்கொள்ளும். உடனே இடக்கையைச் சாய்வாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கதிரின் முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் நழுவும், நழுவும்போதெல்லாம் ஒரு முறுக்கு ஏறும். கை நீட்டிய மட்டும் இழுத்தாகிவிட்டதா, இன்னும் கொஞ்சம் முறுக்கு கொடுத்து, சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் திருப்பி, நூலைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். மறுபடி இழுப்பு.

இதில் எனக்கு அலுக்காத அதிசயம் ஒன்று உண்டு. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடி ஓடும். மெல்லிய இடம் இறுகிவிடும், தடித்த இடம் தளர்ந்தே நிற்கும். அப்போது மெதுவாக இழுத்தால் இறுகிய இடம் அசையாது. தடித்த இடம் மட்டும் நீண்டு மெலியும். மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் ஏறும். நூல் தன்னைத் தானே சீராக்கிக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது, அதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு விரலைத் தளர்த்துவது. அழுத்திப் பிடித்தால் பஞ்சு வராது, நூல் அறும். அதிகம் விட்டால் கட்டி கட்டியாக வரும். கோல மாவை விரலிடுக்கில் விடுகிறவர்களுக்கு இந்த அளவு சட்டென்று பிடிபடும்.

வருமானக் கணக்கில் இந்தப் பொழுதுபோக்கு நிற்காது என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். 20-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜச் சிட்டம் இருபது சேர்ந்து ஒரு பவுண்டு எடை. அதாவது 16,800 கஜம். பழைய காங்கிரஸ் சந்தாக் கணக்கில் இது எட்டு மாதத்துக்கும் மேலான நூற்பு. நாளுக்கு அரைமணி நேரம் நூற்கிறவருக்கு ஒரு துண்டுக்கு நூல் சேர்க்கவே வெகுநாள் ஆகும். பிழைப்புக்காக நூற்பவர்களுக்கு இந்த வேகம் போதாது என்பதால்தான், ஏகாம்பரநாதன் என்ற தமிழர் பல கதிர்கள் கொண்ட அம்பர் சர்க்கா என்னும் ராட்டையை உருவாக்கினார். பெரிய சாதனை அது. ஆனால் அங்கே இழையை இழுப்பது உருளைகள். விரலுக்கு அந்த வேலை இல்லை. கலைக்காக நூற்க விரும்புகிறவர்கள் ஒற்றைக் கதிரோடு இருப்பதே நல்லது என்பது என் தீர்ப்பு.

பஞ்சிலும் ஒரு தேர்வு இருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழையை நம்பி விளைகிற கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது. மில்களுக்கு நீள இழை வேண்டும், ஆகவே கருங்கண்ணி ஒதுக்கப்பட்டது. ராட்டைக்கு அந்தக் குட்டை இழை ஒரு குறையே இல்லை. மில் வேண்டாமென்ற பருத்தியை ஏற்றுக்கொள்ளும் கருவி நம் வீட்டில் இருக்கலாம் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தக்ளியிலிருந்து தொடங்குங்கள். அடியில் ஒரு கிண்ணமோ கொட்டாங்கச்சியோ போதும். ஃபேனை நிறுத்திவிடுங்கள், பஞ்சு பறக்கும். காற்றில் ஈரம் இருக்கும் மழைக்கால நாட்களில் நூல் குறைவாக அறும், கோடைக் காற்றில் படுத்தும். முதலில் வரும் நூல் கயிறு போலத்தான் இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், விளக்குத் திரிக்கு ஆகும். ராட்டையும் பஞ்சுப் பட்டையும் எங்கே கிடைக்கும் என்று உங்கள் பகுதி சர்வோதய சங்கத்திலோ கதர்க் கடையிலோ விசாரியுங்கள்.

கடைசியாக, மூத்த நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆதாரப் பள்ளிகளில் படித்து, கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அந்த வித்தையைப் புத்தகம் பார்த்துக் கற்பது கடினம், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு தக்ளி வாங்கி, பேரனையோ பேத்தியையோ அருகில் உட்காரவைத்து அந்த முதல் இழையை இழுத்துக் காட்டுங்கள்.