பாடாதவர்க்கும் உரிமை



பத்தாண்டுகளாகப் பாடலைப் போற்றிவரும் அவை இது. இந்த அவையில், பாட மறுத்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அவர்கள் கேரளத்துப் பள்ளியொன்றில் பத்து, ஒன்பது, ஐந்தாம் வகுப்புகளில் பயின்ற உடன்பிறந்தார். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர். நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நிற்பர், பாடமாட்டார்கள். பாடுதல் தங்கள் சமய நெறிக்கு ஒவ்வாது என்பது அவர்தம் நம்பிக்கை. நெடுநாள் எவரும் அதனைக் குறையாகச் சொல்லவில்லை. 1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கண்டார், சட்டமன்றத்தில் எழுப்பினார். ஆராய அமைத்த குழு, பிள்ளைகள் அவமதிப்பு ஏதும் செய்யவில்லை என்றே கூறியது. ஆயினும் ஜூலை 26 அன்று அவர்கள் பள்ளியினின்று நீக்கப்பட்டனர்.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. தாகூரின் அப்பாடலைச் சொல் சொல்லாக ஆய்ந்த நீதிமன்றம், எவர் சமய உணர்வையும் புண்படுத்தும் சொல் அதில் இல்லை என்று முடிவு கட்டியது. கவிதை வாசகன் என்ற முறையில், முதலில் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பிழை அங்கேதான் இருந்தது. பாட்டின் பொருள் பற்றியதன்று வழக்கு. பாடுவோர் மனச்சான்று பற்றியது.

1986 ஆகஸ்டு 11 அன்று உச்சநீதிமன்றம் அதனைத் தெளிவாக்கியது. பாடியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் ஏதுமில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டமும் பாடுவதைத் தடுப்பவரையே தண்டிக்கிறது. வாய்மூடி நிற்பவரை அன்று. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது கேள்வியன்று. அது உண்மையாகக் கொண்ட நம்பிக்கைதானா என்பதே கேள்வி. நீதியரசர் சின்னப்ப ரெட்டி எழுதிய அத்தீர்ப்பால், பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளப் பள்ளி பணிக்கப்பட்டது.

அமெரிக்காவிலும் இப்படியொரு வழக்கு உண்டு. கொடிவணக்கம் செய்ய மறுத்த இதே சமயத்துப் பிள்ளைகளுக்கு எதிராக 1940இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 1943இல் அதனைத் தானே மாற்றிக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில் மாறியது நன்மையை நோக்கித்தான். எனினும், எழுதிவைத்த உரிமையும் காலந்தோறும் காக்கப்பட வேண்டியது என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, மனச்சான்றின் உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மாந்தர்க்கும் வழங்குகிறது. நம் கூட்டங்களிலும் இறைவணக்கம் பாடுகையில், பிற நெறியினரும் இறைமறுப்பாளரும் அமைதியாக நிற்பதுண்டு. பத்தாண்டுகளில் ஒருவரும் அவர்களை ஏனென்று கேட்டதில்லை. அதனை இதுவரை நான் பெரிதாக எண்ணியதுமில்லை. அந்தப் பள்ளியிலும் ஒருநாள்வரை எவரும் கேட்கவில்லை அல்லவா?

கேட்காதிருக்கும் இப்பண்பை, அறியாமல் வந்த வழக்கமாக விட்டுவிடாமல், அறிந்து போற்றும் கொள்கையாக ஏற்போம். அருகில் நிற்பவர் பாடாதபோதும் நம் பாட்டுக்குக் குறைவில்லை.